மதிலுக்கு வெளியே நின்றவர்கள்

கோட்டை என்ற சொல்லைக் கேட்டவுடன் நம் மனக்கண்முன் எழுவன யாவை? வானளாவும் மதில், வளைந்தோடும் அகழி, பறக்கும் கொடி, முழங்கும் முரசு, அரியணையில் மன்னன், அவன் அருகே பாடிப் பரிசில் பெறக் காத்திருக்கும் புலவன்! பாடநூல்கள் நமக்குப் பழக்கிவிட்ட காட்சி அது. "இக்கோட்டையைக் கட்டியவர் யார்?" என்று வகுப்பறையில் கேட்கிறோம். மாணவன் எழுந்து மன்னன் பெயரைச் சொல்கிறான். "சரி, உட்கார்" என்கிறோம். அந்த மன்னன் ஒரு கல்லைக்கூடத் தூக்கியவன் அல்லன் என்பது மாணவனுக்கும் தெரியும், நமக்கும் தெரியும். இருந்தும் விடை சரி, மதிப்பெண் முழுமை!

சென்ற கோடை விடுமுறையில் வேல்ஸ் நாட்டின் வடபகுதியில் நான்கு கோட்டைகளைக் குடும்பத்தோடு கண்டு வந்தோம். வடமேற்கு இங்கிலாந்தில் செவிலியராகப் பணிபுரியும் அக்காள் அனுப்பிய பணத்தில் நடந்த பயணம் அது. பள்ளியாசிரியன் ஊதியத்தில் கடல் கடக்க இயலாது என்பதை வாசகர் அறிவர். அப்பா, அம்மா, அக்காள், அத்தான், அவர்களுடைய ஏழு வயது மகள் ஆகியோருடன் வாடகை வண்டியொன்றில் புறப்பட்டோம். அப்பா நாற்பது ஆண்டுகள் கொத்தனாராக உழைத்தவர். மன்னர்களைப் பற்றிய படிப்பு நம்மிடம் இருந்தது. கல்லைப் பற்றிய படிப்பு அவர் கையில் இருந்தது. அந்தப் பயணத்தில் எந்தப் படிப்பு பெரிதும் பயன்பட்டது என்பதை மேலே படிப்போர் தாமே கண்டுகொள்வர்.

வேல்ஸ், இங்கிலாந்தின் மேற்கே மலையும் கடலும் சூழ்ந்த சிறு நாடு. தனி மொழி, தனிச் சட்டம், தம் இனத்து இளவரசர் என வாழ்ந்த மக்கள் அவர்கள். தம்மைக் 'கம்ரி' என்று அழைத்துக்கொள்கின்றனர். ஒரே மண்ணின் மக்கள், உடன்வாழ்வோர் என்பது அதன் பொருள். 'வெல்ஷ்' என்பதோ ஆங்கிலேயர் இட்ட பெயர். 'அயலான்' என்பது அச்சொல்லின் பழம்பொருள். வந்தவன், இருந்தவனைப் பார்த்து அயலான் என்றான்! பெயரிடும் உரிமையும் வாளேந்திய கையிடமே இருந்தது போலும்.

1267ஆம் ஆண்டு உடன்படிக்கையில், லிவெலின் ஆப் கிரிஃபித் என்பவரை வேல்ஸின் இளவரசராக இங்கிலாந்து ஏற்றுக்கொண்டது. பத்தே ஆண்டுகள். 1277இல் முதலாம் எட்வர்டு படையெடுத்தான். 1282இல் மீண்டும் போர். அவ்வாண்டு டிசம்பர் 11ஆம் நாள் பில்த் என்னும் ஊருக்கு அருகே லிவெலின் கொல்லப்பட்டார். அவர் தலை இலண்டனுக்கு அனுப்பப்பட்டு மக்கள் காணக் குத்திவைக்கப்பட்டது. அவர் தம்பி டாவித், அடுத்த ஆண்டு ஷ்ரூஸ்பரியில் உடல் கூறாக்கப்பட்டு மாண்டார். லிவெலினுக்கு ஒரே மகள், குவென்லியன். கைக்குழந்தையான அவளை லிங்கன்சயரில் உள்ள கன்னிமடம் ஒன்றுக்குத் தூக்கிச் சென்றனர். வாரிசு வளரக்கூடாது, மணமுடிக்கக்கூடாது, தாய்மண்ணை மிதிக்கக்கூடாது! 1337இல் அவள் மறைந்தாள். ஐம்பத்து நான்கு ஆண்டு வாழ்வும் அம்மடத்திலேயே முடிந்தது. அருளாளர் இல்லம் என்று அதற்குப் பெயர்; அரசனுக்கு அது சிறையாகப் பயன்பட்டது.

இனிக் கோட்டைகளுக்கு வருவோம்.

செஸ்டர் நகரிலிருந்து கடலோரமாகச் செல்கையில் முதலில் வருவது பிளிண்ட். 1277இல் தொடங்கிய வேலை. இன்று இடிந்த கோபுரங்களும் புல்வெளியும் சேற்றுக் கடலும்தான் எஞ்சியுள்ளன. அரைமணி நேரத்தில் பார்த்து முடித்துவிடலாம். ஆயினும் அகழி வெட்டிய கதை அரைமணியில் மறக்கக்கூடியதன்று. இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட மண்வெட்டும் தொழிலாளர் அங்கே குவிக்கப்பட்டனர். லிங்கன்சயர்ச் சதுப்பு நிலத்திலிருந்து நடத்திவரப்பட்ட 300 பேருக்கு, குதிரைமீது மூன்று காவலர் துணை வந்தனர். எதற்குத் துணை? வழிப்பறிக்கு அஞ்சியா? இல்லை, கூலிக்காரர் வழியில் தப்பியோடிவிடக்கூடாதே என்பதற்காக! கணக்கு எழுதியவன் காவலர் செலவையும் எழுதிவைத்தான். அதனால்தான் நமக்கு இது தெரிகிறது. மன்னனின் மெய்க்கீர்த்தியைவிட அவன் கணக்குப்பிள்ளையின் ஏடு நேர்மையானது.

அங்கிருந்து மேற்கே கான்வி. எட்டுப் பெருங்கோபுரங்கள் பாறைமீது நிமிர்ந்து நிற்கின்றன. ஊரைச் சுற்றிலும் ஏறத்தாழ ஒன்றே கால் கிலோமீட்டர் நீளத்துக்கு 21 கோபுரங்களுடன் மதில். 1283இல் தொடங்கி, 1287க்குள் பெரும்பகுதி முடிந்துவிட்டது. செலவு ஏறத்தாழ 15,000 பவுன். உச்சக்கட்டத்தில் 1,500 பேர் உழைத்தனர். அந்த இடத்தில் அதற்குமுன் ஒரு துறவிமடம் இருந்தது. வேல்ஸ் மக்கள் போற்றிய மற்றொரு லிவெலினின் கல்லறையும் அதனுள் இருந்தது. பக்திமான் என்று பெயரெடுத்த எட்வர்டு அந்த மடத்தைப் பெயர்த்து, பல கல் தொலைவுக்கு அப்பால் அனுப்பினான். கோயில் வேண்டுமா கோட்டை வேண்டுமா என்ற கேள்வி எழுந்தபோது, மன்னனுக்கு ஐயமே ஏற்படவில்லை.

நாம் கையிலிருந்த வழிகாட்டி நூலைப் புரட்டிக்கொண்டிருந்தோம். அப்பா சுவரையே பார்த்துக்கொண்டு நின்றார். "தம்பி, இந்த ஓட்டையெல்லாம் பார்த்தியா? சாரக்கழி சொருகின ஓட்டை. நம்மூர்லே சமமட்டமா வரிசையா வரும். இங்கே சாய்வா சுத்திக்கிட்டே மேலே ஏறுது. ஏணி இல்லாம, கல்லைத் தூக்கிக்கிட்டே நடந்து ஏறியிருக்காங்க" என்றார். நூலில் பிறகு தேடினோம். ஆம், கோபுரத்தைச் சுற்றித் திருகாக ஏறும் சாய்வுச் சாரம் இது. ஆல்ப்ஸ் மலைப்பகுதியான சவாய் நாட்டுத் தொழில்முறை. அங்கிருந்து வந்த தலைமைக் கட்டடக் கலைஞர் புனித ஜார்ஜ் ஊர் ஜேம்ஸ் என்பவர் மேற்பார்வையில் எழுந்தவை இக்கோட்டைகள். அறிஞர்கள் ஏடுகளைத் தேடி, கற்களை ஒப்பிட்டு, கண்டு சொன்ன உண்மையை, எழுத்துக் கூட்டிப் படிக்கும் ஒரு கொத்தனார் ஐந்து நிமிடத்தில் சுவரிலிருந்து படித்தார்.

சுவரின் இடுக்கில் வெள்ளையாகச் சுண்ணாம்பு ஒட்டியிருந்ததையும் அவரே காட்டினார். இன்று சாம்பல் நிறமாய் நிற்கும் இக்கோட்டை அன்று வெள்ளையடிக்கப்பட்டிருந்தது. வெகு தொலைவில் மலைமீது ஆடு மேய்ப்பவன் கண்ணிலும் அது பட்டிருக்கும். படவேண்டும் என்பதுதான் நோக்கம்.

அம்மாவோ, "இத்தனை பெரிய வீட்டிலே சமையற்கட்டு எங்கே? தண்ணி எங்கேயிருந்து?" என்று கேட்டார். சமையற்கூடத்தின் அடித்தளம் மட்டும் எஞ்சியுள்ளது. கிணறு இருக்கிறது, ஏறத்தாழ 90 அடி ஆழம், பாறையைக் குடைந்தது. அம்மா குனிந்து பார்த்துவிட்டு, "இதை வெட்டினவன் எத்தனை நாள் உள்ளேயே இருந்தானோ" என்றார். அக்காள் மகளுக்கு மட்டும், ஊர் மதிலின்மேல் வரிசையாக அமைந்த பன்னிரண்டு கழிப்பிடங்களே பெருமகிழ்ச்சி அளித்தன. அரசனின் அலுவலர்களுக்காகக் கட்டியவை அவை. அரச கம்பீரம் பற்றிய மயக்கம் தெளிய அவற்றை ஒருமுறை பார்ப்பது நல்லது.

இந்த மதில் யாருக்காக? ஊருக்குள் இங்கிலாந்திலிருந்து கொணர்ந்து குடியேற்றப்பட்டோர். ஊருக்கு வெளியே, மண்ணின் மக்கள். 1284இல் கான்விக்கும் கர்நார்வனுக்கும் நகர உரிமைப் பட்டயம் வழங்கப்பட்டது. 1294இல் மாடோக் ஆப் லிவெலின் தலைமையில் மக்கள் கிளர்ந்தெழுந்தனர். அதை அடக்கிய பிறகு, வேல்ஸ்காரர் மதிலூருக்குள் நிலம் வைத்திருக்கக்கூடாது, ஆயுதம் தாங்கி நுழையக்கூடாது, வணிகத்தையோ இந்த ஊர்களுக்கு வெளியே நடத்தக்கூடாது என்று விதித்தனர். தான் பறித்த கம்பளியை விற்க, தனக்கு உரிமையில்லாத ஊருக்குத்தான் போகவேண்டும். விற்றுவிட்டு வெளியேறவும் வேண்டும்! 1402இல் இன்னும் கடுமையான சட்டங்கள் வந்தன. வேல்ஸ் பெண்ணை மணந்த ஆங்கிலேயன்கூடப் பதவிக்குத் தகுதியற்றவன் ஆனான். குடியிருப்பின் எல்லையைப் பிறப்பைக் கொண்டு வகுக்கும் வித்தை எந்த ஒரு நாட்டுக்கும் தனிச்சொத்து அன்று என்பதை இந்த ஏட்டின் வாசகர்க்கு நாம் விளக்கவேண்டியதில்லை.

ஆனால் மதில் எப்போதும் காத்ததா? 1401ஆம் ஆண்டு புனித வெள்ளியன்று கான்விக் கோட்டையின் காவற்படையினர் ஊர்த் தேவாலயத்துக்குத் தொழப் போயினர். அந்த நேரம் பார்த்து, டியூடர் உடன்பிறந்தாரின் ஆட்களுள் ஒருவர் வேலைக்கு வந்த தச்சரைப்போல் வாயிலை அணுகினார். இருந்த சில காவலர் கதவைத் திறந்தனர். கோட்டை வீழ்ந்தது! 15,000 பவுன் மதிலை வென்றது ஓர் உளிப்பையே. அந்தக் காலத்து வரலாற்றெழுத்தாளர் ஒருவர் இதைப் பதிவு செய்திருக்கிறார். ஓவைன் கிளிண்டூரின் பெருங்கிளர்ச்சியின்போது நடந்தது இது. அந்தக் கிளர்ச்சி பத்தாண்டுகளுக்குள் அடக்கப்பட்டது என்பதையும் சொல்லிவிடவேண்டும். வென்ற நாளை மட்டும் பாடுவது வரலாறாகாது.

ஆங்கில்சி தீவில் உள்ள போமாரிஸ், கிளர்ச்சிக்குப் பின் 1295இல் தொடங்கப்பட்டது. கோட்டைக்காக அருகிலிருந்த லான்வைஸ் ஊரின் வேல்ஸ் மக்கள் தீவின் மறுபுறத்துக்குப் பெயர்த்து அனுப்பப்பட்டனர்; அவர்களுக்கென உண்டான ஊர் 'புதுநகர்' என்றே பெயர் பெற்றது. அழகில் இக்கோட்டைக்கு நிகரில்லை: மதிலுக்குள் மதில், அளந்து வெட்டிய சமச்சீர். ஆனால் கோபுரங்கள் பாதியில் நிற்கின்றன. ஏன்? 1296 பிப்ரவரியில் ஜேம்ஸும் அவருடைய அலுவலரும் அரசனின் கருவூலத்துக்கு எழுதிய கடிதம் கிடைத்துள்ளது. கல்தச்சர் 400 பேர், கைவேலையாள் 2,000 பேர், கல்வெட்டுவோர் 200 பேர், வண்டிகள் 160, படகுகள் 30, வாரச் செலவு 250 பவுன் என்று கணக்கு அடுக்குகிறது அக்கடிதம். தொழிலாளருக்குக் கூலி நெடுநாளாகப் பாக்கி, உண்ண வழியின்றி நிற்கின்றனர், அவர்களை நிறுத்திவைப்பதே கடினமாயிருக்கிறது என்றும் கூறுகிறது. அதே ஜேம்ஸுக்கு நாளொன்றுக்கு மூன்று ஷில்லிங் ஊதியம். அவர் மறைந்தால் மனைவிக்கு ஓய்வூதியம் என்ற ஏற்பாடும் உண்டு. குறை சொல்லவில்லை, திறமைக்குக் கொடுக்கட்டும். மண் சுமந்தவனுக்குச் சேரவேண்டிய சில பென்னியை மட்டும் ஏன் நிறுத்தினார்கள்? எட்வர்டின் கண் ஸ்காட்லாந்தின்மேல் விழுந்தது. பணம் அங்கே பறந்தது.

இதைப் படித்துச் சொன்னபோது அப்பா சிரித்தார். "கூலி பாக்கின்னா கட்டடம் நிக்கும். அது எங்கேயும் அப்படித்தான்" என்றார்.

கடைசியாகக் கர்நார்வன். நான்கினுள்ளும் ஆரவாரம் மிகுந்தது. ஒளிந்து காக்கும் கோட்டையன்று, ஓங்கி ஆளும் கோட்டை. பல பட்டைகளாக வெட்டிய கோபுரங்கள், நிறம் மாறிமாறி வரும் கல்வரிசைகள். கான்ஸ்டாண்டிநோபிள் நகரின் மதிலைப் பார்த்து அமைத்தது என்பர் ஆய்வாளர் சிலர், மறுப்பாரும் உண்டு. மறுக்க முடியாதது ஒன்று உண்டு. பழைய உரோமப் பேரரசன் மாக்சிமஸை வேல்ஸ் மக்களின் பழங்கதைகள் இவ்வூரோடு சேர்த்துப் பேசின. 1283இல் இங்கே அவன் உடல் கிடைத்ததாகச் சொல்லி, அதைத் தேவாலயத்தில் அடக்கம் செய்வித்தான் எட்வர்டு. ஆர்தர் மன்னனுடைய மணிமுடி என்று சொல்லப்பட்டதையும், சிலுவைத் துண்டு என்று மக்கள் வணங்கியதையும் கைப்பற்றி இங்கிலாந்துக்குக் கொண்டுபோனான். நிலத்தைப் பறித்தால் போதாது. அவர்களது கதையையும் பறிக்கவேண்டும் என்பதை அறிந்திருந்தான் அவன். மக்கள் எதை ஆராயாமல் நம்புகின்றனரோ அது யார் கையிலும் கருவியாகும்.

கோட்டை முற்றத்தில் சுற்றுலாவாக வந்திருந்த ஒருவர் தம் பிள்ளைகளுக்குக் கதை சொல்லிக்கொண்டிருந்தார். வேல்ஸில் பிறந்த, ஆங்கிலம் ஒரு சொல்லும் பேசாத இளவரசன் வேண்டும் என்று மக்கள் கேட்டார்களாம். எட்வர்டு இந்தக் கோட்டையில் பிறந்த தன் கைக்குழந்தையைத் தூக்கிக்காட்டி, "இதோ உங்கள் இளவரசன், ஆங்கிலம் பேசமாட்டான்" என்றானாம். பிள்ளைகள் கைதட்டினர். நல்ல கதைதான். நம் அக்காள் மகளும் நம்மைப் பார்த்தாள்: "நிஜமா மாமா?"

ஆராய்வோம். குழந்தை எட்வர்டு பிறந்தது 1284 ஏப்ரல் 25. அப்போது அவனுக்கு மூத்தவனான அல்போன்சோ பத்து வயதுச் சிறுவனாக உயிரோடிருந்தான், ஆகஸ்டில்தான் இறந்தான். குழந்தைக்கு அப்போது பட்டம் இல்லை. 'வேல்ஸ் இளவரசன்' பட்டம் பதினாறு வயதில், 1301இல்தான் வந்தது. கதை ஏட்டில் ஏறியதோ பதினாறாம் நூற்றாண்டில்! முந்நூறு ஆண்டு கழித்து முளைத்த கதை இது. தோற்றவன் வாயிலேயே ஒரு வேண்டுகோளைத் திணித்து, வென்றவன் அதை நகைச்சுவையாக நிறைவேற்றியதாகச் சொன்னால், நடந்த படையெடுப்பு மறைந்துவிடுகிறதல்லவா? அதே முற்றத்தில் 1911லும் 1969லும் இளவரசருக்குப் பட்டம் சூட்டும் விழா நடத்தினர். பழஞ்சடங்கு என்று எண்ணுவோர் பலர். இந்தக் கோட்டையில் அத்தகைய விழா 1911க்கு முன் நடந்ததே இல்லை. 1969இல் நாட்டில் எதிர்ப்பு எழுந்தது. விழாவுக்கு முந்திய இரவில், தாம் எடுத்துச்சென்ற வெடிகுண்டு வெடித்து அபெர்கெலே நகரில் இருவர் மாண்டனர்.

கோட்டையை விட்டு வெளியே வந்து, மதிலூரின் குறுகிய தெருவில் தேநீர்க் கடையொன்றில் அமர்ந்தோம். கடைக்காரப் பெண்மணி சமையலறையை நோக்கி ஏதோ கூவினார். உள்ளிருந்து விடை வந்தது. பக்கத்து மேசையில் முதியவர் இருவர் வாதிட்டனர். சீருடைச் சிறுமியர் மூவர் சிரித்தனர். எல்லாம் ஒரே மொழி, ஆங்கிலம் அன்று. "இது என்ன பாஷை?" என்றார் அம்மா. கம்ரி மொழி என்றோம்.

எந்த மதிலூர் அம்மொழி பேசுவோரை வெளியே நிறுத்தியதோ, அந்த ஊரில் இன்று பத்துப் பேரில் எட்டுப் பேருக்கு மேல் அம்மொழியைப் பேசுவோர்! எட்வர்டின் வாரிசுகள் வருகைச் சீட்டு விற்கும் காட்சிப்பொருளாகக் கோட்டையை விட்டுச் சென்றனர். வெளியே நின்றவர்கள் ஊரை எடுத்துக்கொண்டனர்.

தானாக நடந்தது அன்று இது. 1536ஆம் ஆண்டுச் சட்டம் நீதிமன்றத்தில் ஆங்கிலமே என்றது. கம்ரி மொழி மட்டும் பேசுவோருக்குப் பதவி இல்லை என்றது. மொழி பிழைத்ததற்கு 1588இல் வெளிவந்த விவிலிய மொழிபெயர்ப்பும் ஒரு காரணம். மதநூலுக்கு நன்றி சொல்வது நமக்குப் பழக்கமில்லை. ஆயினும் உண்மையை மறைக்க உரிமையில்லை. இருபதாம் நூற்றாண்டில் லாங்கெனெக் ஊரின் பீஸ்லி தம்பதியர், வரிச் சீட்டு தம் மொழியில் வந்தாலன்றி வரி கட்டமாட்டோம் என்று 1952 முதல் எட்டு ஆண்டுகள் நின்றனர். வீட்டுச் சாமான்களை அமீனாக்கள் தூக்கிச் சென்றனர். 1960இல் இருமொழிச் சீட்டு வந்தது. 1962இல் சாண்டர்ஸ் லூயிஸ் வானொலியில் ஆற்றிய உரையைத் தொடர்ந்து மொழிச் சங்கம் ஒன்று தோன்றியது. இளைஞர் மறியல் செய்தனர், சிறை சென்றனர். 2011இல் கம்ரிக்கு ஆட்சிமொழித் தகுதி சட்டமாயிற்று. வெற்றி முழுமையன்று. 1911இல் நாட்டில் நூற்றுக்கு 43 பேருக்கு மேல் பேசிய மொழி, 2021 கணக்கெடுப்பில் நூற்றுக்குப் பதினெட்டுப் பேருக்கும் குறைவாகவே பேசப்பட்டது.

ஏன் இந்தச் சரிவு? வேலை தேடிக் குடிபெயர்ந்தது, வெளியார் குடியேறியது எனக் காரணங்கள் பல. அவற்றுள் ஒன்று நம்மைத் துன்புறுத்தியது. பதினெட்டு, பத்தொன்பதாம் நூற்றாண்டுகளில் அந்நாட்டுப் பள்ளிகள் பலவற்றில் ஒரு மரத்துண்டு இருந்தது. கம்ரியில் பேசிய பிள்ளையின் கழுத்தில் அதைத் தொங்கவிடுவர். அப்பிள்ளை, தாய்மொழியில் பேசும் இன்னொரு பிள்ளையைப் பிடித்துக் காட்டினால் துண்டு அங்கே மாறும். மாலையில் யார் கழுத்தில் இருக்கிறதோ அவர்க்கு அடி. எந்தச் சட்டத்தில் இது எழுதியிருந்தது? எந்தச் சட்டத்திலும் இல்லை! அரசன் ஆணையிடவில்லை, படை வரவில்லை. ஆசிரியர்களே மாட்டினர், அவர்களுள் பலர் கம்ரி மக்களே. பிள்ளை முன்னேறட்டும் என்று பெற்றோரும் ஒப்பினர்.

மதிலோரம் கடலைப் பார்த்து அமர்ந்தபோது வீட்டாருக்கு இதைச் சொன்னோம். அப்பா சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "உங்க பள்ளிக்கூடத்திலேயும் ஒரு நோட்டு இருக்குன்னியே, தம்பி. அது வேற, இது வேறயா?" என்று கேட்டார்.

நாம் பணிபுரிவது ஆங்கிலவழித் தனியார் பள்ளி. வளாகத்தில் தமிழ் பேசும் மாணவன் பெயர் நோட்டில் ஏறும். பத்து ரூபாய் தண்டம். இரண்டாண்டுகள் அந்த நோட்டு நம் பொறுப்பில் இருந்தது. பெயர்கள் நம் கையெழுத்தில் உள்ளன. அடிக்கடி வரும் பெயர், கட்டட வேலைக்குச் செல்லும் ஒருவரின் மகனுடையது. பந்து வேண்டும் என்று கேட்டதற்காக ஒருமுறை எழுதினோம். அப்பாவுக்கு நாம் விடை சொல்லவில்லை. அவரும் மீண்டும் கேட்கவில்லை. எழுந்துபோய் மதிற்கல்லின் மூட்டைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜூன் மாதம் பள்ளி திறந்தது. நோட்டு மேசை இழுப்பறையில் வைத்த இடத்திலேயே இருந்தது. எழுத இயலாது என்று எழுத்திலேயே கொடுத்தோம். எவரும் சினக்கவில்லை, நோட்டு வேறோர் ஆசிரியரிடம் ஒப்படைக்கப்பட்டது. அவர் நம்மினும் இளையவர், கடன்பட்டுப் படித்தவர். மதிய உணவு வேளையில் அவரோடு பேசி வருகிறோம்.